முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன்: நகை, நிலம், வங்கிக் கணக்கு. எதை, எப்போது, எப்படி விடுவது?

ஞாயிறு வகுப்பு:

அனைவருக்கும் வணக்கம். மறைக்கல்வி மேல்வகுப்பில் மாற்கு 10-ஆம் அதிகாரம், இயேசுவிடம் ஓடிவந்து முழந்தாள்படியிட்ட அந்தச் செல்வர் பகுதி நடக்கிறது. ‘உள்ளதை எல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடும்’ என்ற இடத்தில் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கிற கேள்விகளுக்குப் பொதுவான பதில் சொல்லி நகர மனம் வரவில்லை. சரியாகத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கன்னியர் மடத்தில் சேரும் பெண் ஏழ்மை வார்த்தைப்பாடு (ஏழ்மையில் வாழ்வதாகக் கடவுளுக்குத் தரும் வாக்குறுதி) கொடுத்ததும் அவள் பெயரில் உள்ள நிலம் சபைக்குப் போய்விடுமா? முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்களே, அது என்ன? இருபத்திரண்டு வயதில் உயில் எழுதத்தான் வேண்டுமா? ‘போகிறதுக்கு முன்னாடி விடுதலைப் பத்திரம் போட்டுக் கொடுத்துட்டுப் போ’ என்று அண்ணன் தம்பிகள் கேட்பது சரிதானா? கடைசியாக, குடும்பம் நடத்துகிற நமக்கு அந்த வசனம் என்ன சொல்கிறது?

மறையுரை வேண்டாம். நடைமுறை வேண்டும்.

பயிற்சி இல்லம்:

சகோதரி, மூன்று சொற்களைப் பிரித்துக்கொண்டால் முக்கால்வாசிக் குழப்பம் போய்விடும்: உரிமை, நிர்வாகம், பயன்.

ஒரு பெண் பெயரில் 40 சென்ட் தென்னந்தோப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் பெயர் இருப்பது உரிமை. வேலி போடுவது, ஆள் வைத்துத் தேங்காய் பறிப்பது, வரி கட்டுவது நிர்வாகம். தேங்காய் விற்ற காசு யார் கைக்குப் போகிறது என்பது பயன். நம் ஊரில் பள்ளிக்கூடம், மருத்துவமனை நடத்துகிற பெரும்பாலான அருள்சகோதரிகள் சபைகளில் கொடுப்பது எளிய வார்த்தைப்பாடு. அதில் முதல் சொல்லாகிய உரிமை அவளிடமே நிற்கிறது. மற்ற இரண்டையும்தான் முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் கைமாற்ற வேண்டும். திருச்சபைச் சட்டம் எண் 668 இதைத்தான் சொல்கிறது. நிர்வாகத்தைத் தான் விரும்பும் யாரிடமும் ஒப்படைக்கலாம். அம்மாவாக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம், சபையாகவும் இருக்கலாம். சபை ஒழுங்குகள் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், பயன் யாருக்கு என்பதையும் அவளே முடிவு செய்வாள். நீங்கள் கேட்ட அந்தத் தாள் இதுதான். அதில் கையெழுத்துப் போட்டதால் நிலம் சபைக்குப் போவதில்லை.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. நிர்வாகி பெயரை எழுதிவிட்டு, பயன் யாருக்கு என்ற வரியை வெறுமையாக விட்டுவிடுவார்கள். தேங்காய்க் காசு அவள் பெயரில் உள்ள பழைய வங்கிக் கணக்கிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். ஐந்து வருடம் கழித்து யாருக்கும் கணக்குத் தெரியாத ஒரு தொகை கிடக்கும். அதில் சபைக்குப் பங்கு இல்லை, வீட்டுக்கும் போகவில்லை, ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவள் பாஸ்புக்கில் அது தூங்குகிறது. மனம் அங்கேதான் போய் உட்காரும்.

உயிலுக்குக் கெடு நித்திய வார்த்தைப்பாடு, அதாவது வாழ்நாள் முழுவதற்கும் கொடுப்பது. அதற்கு முன்பாவது நாட்டுச் சட்டப்படி செல்லும் உயில் எழுதியிருக்க வேண்டும். கால அளவைப் பாருங்கள். நவதுறவகம், அதாவது வார்த்தைப்பாட்டுக்கு முந்தைய பயிற்சிக் காலம், குறைந்தது 12 மாதம். அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாடு, 3 ஆண்டுக்குக் குறையாமல் 6 ஆண்டுக்கு மிகாமல். தேவைப்பட்டால் நீட்டலாம், மொத்தம் 9 ஆண்டைத் தாண்டக்கூடாது. இவ்வளவு நீளமாக வைத்திருப்பது அவள் சுதந்திரத்துக்காக. இடையில் ‘இது என் அழைப்பு இல்லை’ என்று தெரிந்தால், கையில் ஒன்றும் இல்லாததால் மட்டும் ஒருத்தி மடத்திலேயே தங்கிவிடக் கூடாது.

இந்த அக்கறை பழையது. 6-ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கின் 58-ஆம் அதிகாரத்தில், வார்த்தைப்பாடு கொடுப்பவர் தம் உடைமைகளை ஏழைகளுக்குப் பகிர வேண்டும், அல்லது முறையாக எழுதி மடத்துக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார். தமக்கென எதையும் நிறுத்திக்கொள்ளக் கூடாது. ஆனால் கழற்றிய பழைய உடையை மட்டும் எறியாமல் உடையறையில் பத்திரமாக வைக்கச் சொல்கிறார். என்றாவது அவர் வெளியேறினால் போட்டுக்கொள்ளத் துணி வேண்டுமே.

வார்த்தைப்பாட்டுக்குப் பின் வருவது வேறு கதை. ஆசிரியை சம்பளம், ஓய்வூதியம், காப்பீட்டுத் தொகை, ‘சிஸ்டருக்கு’ என்று மக்கள் தரும் அன்பளிப்பு ஆகியவை சபைக்குச் சேர்ந்தவை. ஓய்வூதியம், காப்பீடு போன்றவற்றில் சபை ஒழுங்கு வேறு சொல்லலாம். அப்பா இறந்து வரும் பரம்பரைப் பங்கு அப்படியல்ல, அது அவள் சொந்தச் சொத்து. இந்த இரண்டையும் கலக்கும்போதுதான் வீட்டுக்கும் மடத்துக்கும் மனக்கசப்பு வருகிறது. அந்தப் பங்கு வந்த பிறகு அதைத் தொட்டு எதைச் செய்யவும், முதல் தாளில் ஒரு பெயரை மாற்றவும்கூட, சபைத் தலைவியின் அனுமதி வேண்டும்.

முழுத் துறப்பு கேட்கும் சபைகளும் உண்டு. ஆசீர்வாதப்பர் துறவியர், அடைபட்ட மடத்துக் கார்மேல் கன்னியர், ஏழை கிளாரம்மாள் சபையினர் போன்றோர் கொடுப்பது, எளியதற்கு மாறான, ‘ஆடம்பர’ (solemn) வார்த்தைப்பாடு. அங்கே நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்பே, அந்த நாளிலிருந்து நடைமுறைக்கு வரும்படி எல்லாவற்றையும் துறந்து எழுதிக்கொடுக்க வேண்டும். அதன்பின் சொத்து வாங்கவும் வைத்திருக்கவும் திருச்சபைச் சட்டத்தின் பார்வையில் அவருக்குத் தகுதியே கிடையாது. புனித கிளாரா இன்னும் ஒரு படி மேலே போனவர். தனி ஆள் ஏழையாக இருந்தால் போதாது, மடமே சொத்தில்லாமல் வாழ உரிமை வேண்டும் என்று கேட்டார். 1228-இல் திருத்தந்தை 9-ஆம் கிரகோரி அந்தச் சலுகையை எழுதிக் கொடுத்தார். கிளாரா எழுதிய ஒழுங்குக்கு ஒப்புதல் வந்தது 1253 ஆகஸ்ட் 9. அவர் கண்மூடியது ஆகஸ்ட் 11.

நான் சொன்னது இலத்தீன் வழிபாட்டு முறைச் சபைகளுக்கு. சீரோ மலபார் சபைகளுக்குக் கீழைத் திருச்சபைகளின் 1990 சட்டத் தொகுப்பு தனியாக இருக்கிறது.

கறுப்புக் கோட்டு:

பத்திர விஷயத்துக்கு மட்டும் பதில்.

கிறிஸ்தவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925. அதில் பிறப்பாலேயே பூர்வீகச் சொத்தில் பங்கு என்ற ஏற்பாடு இல்லை. அப்பா உயிரோடு இருக்கும்வரை அவர் சொத்து அவருடையது. மகளுக்கு இருப்பது ‘ஒருநாள் கிடைக்கலாம்’ என்ற எதிர்பார்ப்பு மட்டும். சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 6(அ) அந்த எதிர்பார்ப்பைக் கைமாற்ற முடியாது என்கிறது. ஆகவே அப்பா இருக்கும்போதே ‘என் பங்கை விட்டுவிட்டேன்’ என்று மகள் எழுதும் விடுதலைப் பத்திரத்தால் உரிமை எதுவும் மாறுவதில்லை. பதிவுச் செலவுதான் மிச்சம். அதற்கு ஈடாக அவள் பணம் வாங்கியிருந்தால், பின்னால் பங்கு கேட்டு வழக்குப் போடும்போது அது அவளுக்கு எதிராக நிற்கக்கூடும். அதனால் ‘சும்மா ஒரு கையெழுத்துதானே’ என்றும் போடக்கூடாது. மகன்களுக்குத்தான் தரவேண்டும் என்று அப்பா நினைத்தால் அவர் உயிலோ செட்டில்மெண்டோ எழுதட்டும். மகள் எழுத வேண்டியது எதுவுமில்லை.

அப்பா உயில் எழுதாமல் இறந்தால், அம்மா இருந்தால் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மடத்தில் இருக்கும் மகளுக்கும் அதே அளவுதான். ‘துறவியாகிவிட்டாள், பங்கு கிடையாது’ என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. குமரி மாவட்டத்தில் ‘ஸ்ரீதனம் கொடுத்தாச்சு, பங்கு இல்லை’ என்று இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது பழைய திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தின் மிச்சம். அந்தச் சட்டம் 1951-லேயே செல்லாமல் போயிற்று என்று மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அப்பா காலமான பிறகு மகள் மனமுவந்து அண்ணனுக்கு விட்டுக்கொடுக்க நினைத்தால், அப்போது எழுதும் விடுதலைப் பத்திரம் செல்லும். மேலே சொன்ன சபைத் தலைவி அனுமதியை முதலில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

உயில்: வெள்ளைத் தாள் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கட்டாயம். அந்த உயிலில் பலன் பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் உயில் நிற்கும், அவருக்கு எழுதியது மட்டும் போய்விடும். தம்பிக்கு எழுதிவிட்டு, அவன் மனைவியையே பக்கத்தில் உட்காரவைத்து சாட்சி போடச் சொல்வது அடிக்கடி நடக்கிற தப்பு. இன்னொன்று: திருமணம் செய்தால் அதற்கு முன் எழுதிய உயில் தானாகவே ரத்தாகிவிடும். சபையை விட்டு வந்து மணம் முடிப்பவர்கள் புதிதாக எழுத வேண்டும்.

சில மடங்களில் வைத்திருக்கும் பழைய மாதிரிப் படிவங்களில் ‘தருமத்துக்கு எழுதும் உயில் இறப்புக்கு 12 மாதம் முன்பே எழுதப்பட்டு 6 மாதத்துக்குள் வைப்புச் செய்யப்பட வேண்டும்’ என்று இருக்கும். நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர்களைக் கட்டிப்போட்ட பிரிவு 118 அது. ஜான் வல்லமட்டம் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. படிவத்தில் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

வங்கி நாமினி என்பது பணத்தை வாங்கிக்கொள்ள உரிமை உள்ளவர். வாரிசு வேறு. யாரையோ நாமினியாகப் போட்டதால் உயில் வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள்.

அரசு உதவிபெறும் பள்ளியில் வேலை செய்யும் சிஸ்டர்கள், ஃபாதர்கள் சம்பளத்தில் டி.டி.எஸ். (வருமான வரிக்கான முன்பிடித்தம்) பிடிப்பார்கள். சம்பளம் முழுவதும் சபைக்குத்தான் போகிறது என்ற வாதத்தை 2019-இல் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஏற்கவில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சபைகளின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அரசின் பார்வையில் சம்பளம் பேன் கார்டில் பெயர் உள்ளவருடையது. வாங்கிய பின் அவர் சபைக்குக் கொடுப்பது அவர் செலவு.

ஞாயிறு வகுப்பு:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. அந்தத் தாளின் வாசகத்தை யாராவது தர முடியுமா? நகை, கல்விக் கடன் பற்றியும் சொல்லுங்கள். மறைமாவட்டக் குருக்களுக்கும் இதே முறைதானா?

பங்கு அலுவலகம்:

குருக்கள் விஷயம் மட்டும். மறைமாவட்டக் குருக்கள் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. எளிய வாழ்வு வாழ வேண்டும், பதவி வழியாக வருவதில் தம் தேவைக்கு மிஞ்சியதைத் திருச்சபை நலனுக்கும் தருமத்துக்கும் செலவிட விரும்ப வேண்டும் என்று எண் 282 சொல்கிறது. அவர்கள் சொந்தப் பெயரில் நிலம் வைத்திருக்கலாம், உயில் எழுதலாம். துறவற சபைக் குருக்களுக்குத்தான் மேலே சொன்னவை பொருந்தும்.

சிக்கல் வரும் இடம் வங்கிக் கணக்கு. கோயில் கட்டட நிதி பங்குத்தந்தையின் சொந்தக் கணக்கில் கிடந்து, அவர் உயில் இல்லாமல் இறந்தால் சட்டப்படி அது உடன்பிறந்தவர்கள் கேட்கக்கூடிய பணமாகிவிடுகிறது. பொறுப்பில் இருப்பவருக்குத் தரும் காணிக்கை பங்குக்குத் தந்ததாகவே கருதப்படும் என்று திருச்சபைச் சட்டம் எண் 1267 சொன்னாலும் வங்கி மேலாளர் அதைப் பார்க்கப் போவதில்லை. பங்கின் பெயரில் தனிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. இதை முதலிலேயே செய்துவிட வேண்டும்.

இஞ்ஞாசி வழி:

உங்கள் கடைசிக் கேள்வியைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன், குடும்பஸ்தர் என்ன செய்வது என்பதை.

முதலில் ஒழுங்கு. காணிக்கை கடைசியில்தான் வரும். அடைக்க வேண்டிய கடன், வேலையாளுக்குத் தராமல் பிடித்துவைத்த கூலி (யாக்கோபு 5:4 அதைப் பார்த்துத்தான் கதறுகிறது), வயதான பெற்றோரின் மருந்துச் செலவு, இவை முடிந்த பிறகே தருமம். மாற்கு 7-இல் இயேசு கோபப்படுவது ‘கொர்பான்’ என்று சொல்லிக் கடவுளுக்கு நேர்ந்துவிட்டதாகக் காட்டி, அப்பா அம்மாவைக் கைவிட்டவர்கள்மேல். வரி வசூலித்த சக்கேயு பாதியை ஏழைகளுக்குக் கொடுத்ததை எல்லோரும் சொல்வார்கள். ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக அதே மூச்சில் சொன்னதை வகுப்பில் அழுத்திச் சொல்லுங்கள். நிலத்தை விற்ற அனனியா, சப்பிரா தம்பதியின் பகுதியில் பேதுரு கேட்பதையும் கவனியுங்கள். நிலம் உன்னுடையதாகத்தானே இருந்தது, விற்ற பின்னும் பணம் உன் கையில்தானே இருந்தது என்கிறார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு பகுதியை வைத்துக்கொண்டு முழுதையும் கொடுத்ததாகச் சொன்ன பொய்தான் அங்கே குற்றம்.

அடுத்தது பற்று. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் தம் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் மூன்று வகை மனிதரைத் தியானிக்கச் சொல்கிறார். மூவர் கையிலும் ஆளுக்கு 10,000 டுகாட் பணம். திருடியது இல்லை, ஆனாலும் கடவுள்மேல் உள்ள அன்புக்காக மட்டுமே சம்பாதித்ததும் இல்லை. அந்தப் பணம் மனத்தில் கனக்கிறது. முதல் ஆள் பற்றை விட ஆசைப்படுவார், சாகும்வரை ஒன்றும் செய்யமாட்டார். இரண்டாம் ஆள் பற்றை விடுவார், ஆனால் பணம் தன்னிடமே இருக்க வேண்டும். தான் போகும் இடத்துக்குக் கடவுள் வரவேண்டும் என்பது அவர் கணக்கு. மூன்றாம் ஆளுக்கு வைத்துக்கொள்ளவும் சாய்வு இல்லை, கொடுத்துவிடவும் சாய்வு இல்லை. கடவுளுக்கு எது நல்ல பணி என்று தெரிகிறதோ அதைச் செய்வார். நம்மில் பெரும்பாலோர் இரண்டாம் ஆள். தருமமும் செய்வோம், ஜெபமும் செய்வோம், அந்த ஒரு பொருளை மட்டும் பேச்சிலேயே எடுக்கமாட்டோம்.

இதைப் பயன்படுத்தும் முறை இப்படி. மொத்தச் சொத்தையும் எடுக்காதீர்கள், ஒரே ஒரு பொருளை எடுங்கள். எதைப் பற்றிப் பேச்சு வந்தால் குரல் மாறுகிறதோ அதுதான் பொருள். அது பணமாக இருக்க வேண்டியதில்லை. உடல்நலமா நோயா, செல்வமா வறுமையா, மதிப்பா அவமதிப்பா, நீண்ட ஆயுளா குறுகியதா என்று நான்கையும் ஒரே தட்டில் வைக்கிறார் இஞ்ஞாசியார். பாடகர் குழுவில் இருபது வருடமாகக் கீபோர்டு அலமாரிச் சாவியைத் தன் கொத்தில் வைத்திருப்பவருக்கு, அந்தச் சாவிதான் 10,000 டுகாட். அதை விட மனம் மறுத்தால், மறுக்கிற அதே விஷயத்தைத் தம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் கேட்கச் சொல்கிறார். இயல்பு எதிர்த்தாலும் பரவாயில்லை, அவருடைய பணிக்கு உகந்தது என்றால் எடுத்துக்கொள்ளட்டும். இது கசப்பான ஜெபம். ஆனால் வேலை செய்வது இதுதான்.

உறவினருக்கோ நண்பருக்கோ கொடுக்கும்போது அவர் தரும் நான்கு சோதனைகள் குடும்பத்துக்கு அப்படியே பொருந்தும். கொடுக்கத் தூண்டும் அன்பு மேலிருந்து வருகிறதா என்று முதலில் பார். முன்பின் பார்த்திராத ஒருவன் இதே நிலையில் இருந்தால் அவனுக்கு என்ன அளவு சொல்வாயோ, அதே அளவை நீ வைத்துக்கொள். சாகும் நேரத்தில் எப்படிப் பங்கிட்டிருக்க விரும்புவாய்? தீர்ப்பு நாளில்? சொந்த வீட்டுச் செலவைப் பொறுத்தவரை குறைப்பதுதான் பாதுகாப்பு என்கிறார். திருமணமானவர்களுக்கு மாதிரியாக, மரியாவின் பெற்றோரான புனித ஜோக்கிமையும் அன்னாவையும் காட்டுகிறார். ஒரு பங்கு ஏழைகளுக்கு, ஒரு பங்கு கோயிலுக்கு, மூன்றாவது தங்கள் குடும்பத்துக்கு.

கெட்டுப்போகும் இடம் தியானக் கூட்டத்தின் கடைசி இரவு. பாட்டு உச்சத்தில் இருக்கும்போது கழுத்துச் சங்கிலியைக் கழற்றித் தட்டில் போட்டுவிட்டு, திங்கட்கிழமை காலையில் வீட்டில் சண்டை. உற்சாகம் பொங்கும் நேரத்தில் யோசிக்காமல் நேர்ச்சையோ வாக்குறுதியோ கொடுக்காதபடி தடுப்பது பயிற்சி கொடுப்பவரின் கடமை என்று இஞ்ஞாசியார் எழுதியிருக்கிறார். சோர்வு காலத்தில், முன்பு எடுத்த முடிவை மாற்றவும் கூடாது. ஒரு வாரம் விட்டு, சாதாரண நாளில், கணவனும் மனைவியும் மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து அதே தொகையைச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் கொடுங்கள்.

பயிற்சி இல்லம்:

கல்விக் கடன்: அடைக்க முடியாத கடன் உள்ளவரை நவதுறவகத்தில் சேர்க்கக் கூடாது என்று எண் 644 சொல்கிறது. கடனுக்கு அப்பா ஜாமீன் போட்டிருந்தால், மகள் உள்ளே போன பிறகு வங்கி அப்பாவைத்தான் பிடிக்கும். ஆகவே முதலில் கடன், பிறகு மடம்.

நகை: மடத்துக்குக் கொண்டுவர வேண்டாம். சங்கிலி இத்தனை பவுன், வளையல் இத்தனை பவுன் என்று பட்டியல் எழுதி, அம்மாவிடமோ நிர்வாகியாக வைத்தவரிடமோ கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். தங்கைக்கே கொடுத்துவிட நினைத்தால் வார்த்தைப்பாட்டுக்கு முன், தன் கையால், வெளிப்படையாகக் கொடுக்கட்டும். ‘அம்மாவிடம் இருக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்பது பிற்காலத்தில் தங்கைக்கும் அண்ணிக்கும் நடுவே வழக்காகும்.

தாளின் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும். சபைக்குச் சபை சிறிது மாறும்:

‘…… சபையில் முதல் வார்த்தைப்பாடு கொடுக்கவிருக்கும் …… ஆகிய நான், யாருடைய வற்புறுத்தலும் இன்றி, கீழ்க்கண்ட என் சொத்துக்களின் நிர்வாகத்தை …… அவர்களிடம் ஒப்படைக்கிறேன். அவற்றிலிருந்து வரும் வருமானம் …… அவர்களைச் சேரும். இனி எனக்குச் சொத்து ஏதும் வந்து சேர்ந்தால் அதற்கும் இவ்வேற்பாடு பொருந்தும். நான் சபையை விட்டு விலகினால் இவ்வேற்பாடு முடிவுக்கு வரும்.’

கீழே பட்டியல்: நிலத்துக்கு சர்வே எண், வங்கிக் கணக்குக்குக் கிளையும் எண்ணும், எல்.ஐ.சி.க்கு பாலிசி எண், நகைக்குப் பவுன் கணக்கு. ஒன்றும் இல்லையென்றாலும் ‘தற்போது ஏதுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் சொத்துக்கும் இதுதான் அடிப்படை. நாட்டுச் சட்டத்தின் முன் இது உரிமையை மாற்றும் பத்திரம் ஆகாது. நிர்வாகி நிலத்துக்காக அலுவலகங்களில் கையெழுத்துப் போட வேண்டிவந்தால் தனியாக அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) தேவைப்படும். இரண்டு பிரதி எழுதி, ஒன்றை மடத்து ஆவணப் பெட்டியிலும் மற்றதை நிர்வாகியிடமும் வையுங்கள். தேதி வார்த்தைப்பாட்டு நாளுக்கு முந்தையதாக இருக்க வேண்டும். அன்று காலை மாலை கட்டுகிற, பந்தல் போடுகிற அவசரத்தில் ‘திருப்பலி முடிந்து எழுதிக்கொள்ளலாம்’ என்று தள்ளிவைக்க வேண்டாம். முந்தைய தியான நாட்களிலேயே, அவள் தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்து எழுதும்படி நேரம் கொடுங்கள்.